சட்டி அரண்மனையில் ஒரு கழுவாத தட்டு

"ஏம்மா, இந்தத் தட்ட மட்டும் கழுவாம வச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் கிடையாது. கேட்பவர்கள் எல்லாரும் பெண்கள்தான். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஈரான் நாட்டு ஓடுகளையும் துருக்கித் தட்டுகளையும் பார்த்துக் கால் வலித்த பிறகு, வடக்கு ஜன்னலோரத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஆண்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். காலமெல்லாம் பாத்திரம் கழுவின கண் மட்டும் அங்கே நின்றுவிடும். ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பீங்கான், விளிம்பில் ஒற்றை நீலக் கோடு, உள்ளே வட்டம் வட்டமாகக் காய்ந்த குழம்பின் நிறத்தில் எழுத்து. எட்ட நின்று பார்த்தால் யாரோ சாப்பிட்டுவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன தட்டு மாதிரிதான் இருக்கும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அரண்மனை என்றதும் சிம்மாசனமும் வாளும் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். இங்கே இருப்பதெல்லாம் தட்டு, கிண்ணம், ஜாடி, சுவரில் பதிக்கிற ஓடு. இந்த வீட்டை ஆண்ட ஜமீன்தார்களில் கடைசி ஆளுக்குக் குதிரையிலும் ஆசையில்லை, வேட்டையிலும் ஆசையில்லை. கப்பலேறிப் போன இடமெல்லாம் முஸ்லிம் நாடுகளின் பீங்கான்களாக வாங்கி, வைக்கோல் சுற்றிப் பெட்டி பெட்டியாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாராம். அவருக்குப் பின்னால் பிள்ளையில்லை. அரண்மனை ஓர் அறக்கட்டளையின் கைக்குப் போய் மியூசியமாயிற்று. வாசல் போர்டில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அரிமளம் பஸ்ஸில் வரும் கண்டக்டர்களுக்கு அதெல்லாம் தெரியாது. "சட்டி அரண்மனையெல்லாம் எறங்கு" என்று சொல்லி விசிலடிப்பார்கள். "ராசா சோறு தின்ன தட்டப் பாக்கவா டிக்கெட்டு?" என்று கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிப்போன பெரியவர் ஒருவரை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நியாயமான கேள்விதான்.

நான் பிறந்தது ஆவூர்ப் பக்கம், வாக்கப்பட்டது இந்தப் பக்கம். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே இங்கே வேலைக்கு வந்துவிட்டேன். டிக்கெட் கிழிப்பது, கண்ணாடி துடைப்பது, மழைக்காலத்தில் தர்பார் கூடத்தில் ஒழுகும் இடம் பார்த்து வாளி வைப்பது, மற்ற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து "தொடாதீங்க" என்று சொல்வது. என் பிள்ளைகளின் பெயரைக்கூட அத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டேன், இந்த ஒரு வார்த்தையை அவ்வளவு சொல்லியிருக்கிறேன். வேலை கடினமில்லை. ஆனால் ஒன்றும் நடக்காத இடத்தில் நாள் முழுக்க விழித்திருப்பது வயல் வேலையைவிட உடம்பை வாங்கிவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேசக்கூடத் தெம்பு இருக்காது. "சும்மா ஒக்காந்துட்டு வர்றதுக்கு இம்புட்டு அலுப்பா?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்.

எனக்கு மேலே இருந்தவர் காப்பாட்சியர். திருவரங்குளத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருவார். வெயிலோ மழையோ, கையில் குடை. வயிற்றுப் புண்ணுக்காக ஒரு பாட்டில் மோர். அதிகம் பேசமாட்டார், பேசினால் முக்கால்வாசி முனகல். வௌவால் மேல் முனகல், கூரை மேல் முனகல், கண்ணாடியில் விரலை வைத்துவிட்டுப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் முனகல். ஆனால் ஒரு கிண்ணத்தை எடுத்து வைக்கும்போது அந்த மனிதரின் கை பச்சைக்குழந்தையைத் தூக்குகிற கையாகிவிடும். யாராவது எதையாவது இரவல் கேட்டாலோ, வெளியே எடுத்துக் காட்டச் சொன்னாலோ ஒரே பதில்தான். "நம்ம வேலை காக்குறதும்மா. குடுக்குறது இல்ல." எங்களிடமும் அதையே சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று.

லாத்தாவை நான் முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். லாத்தா என்றால் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்கா என்று அர்த்தம். அவர் மணமேல்குடிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். வெள்ளைத் துப்பட்டி, ரப்பர் செருப்பு, கையில் ஒரு துணிப்பை. டிக்கெட் வாங்குவார், வேறெதையும் திரும்பிப் பார்க்காமல் நேரே வடக்கு ஜன்னலுக்குப் போவார், அந்தப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், திரும்பிவிடுவார். மாதம் ஒருதரம் இது தவறாது. ஓதுகிறாரோ என்று நினைத்து நான் தள்ளியே இருந்தேன். பிறகொரு கோடையில் கரண்ட் போய், ஆளும் இல்லாமல், இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். அந்தத் தட்டில் அப்படி என்ன இருக்கு லாத்தா என்று.

"எம் மக இருக்கா" என்றார்.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தீராத நோவுக்கும், பிரசவம் சிக்கலாகும்போதும், ஓதத் தெரிந்த ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு வெள்ளைப் பீங்கானில் குர்ஆன் வசனம் எழுதி வாங்குவார்கள். பன்னீரில் குங்குமப்பூவைக் கரைத்து, அதைத் தொட்டு நாணல் குச்சியால் எழுதுவார். காய்ந்ததும் அதில் தண்ணீர் விட்டு, எழுத்தைக் கரைத்து, நோவுக்காரருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் மாத்திரைக்கு முன்னால் மந்திரித்த எண்ணெய்தான் நெற்றிக்கு வரும். லாத்தாவின் மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்ததும் ஹஜ்ரத் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுத்து காய்வதற்குள் மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. வேனைப் பிடித்து அறந்தாங்கிக்கும், அங்கிருந்து புதுக்கோட்டைக்கும் ஓடியிருக்கிறார்கள். அவசரத்தில் பீங்கான் அலமாரியிலேயே நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் குழந்தையை எடுத்துக் கையில் கொடுத்தார்கள், பெண் குழந்தை. மகளைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

"வீட்டுக்கு வந்து அலமாரியத் தொறக்கேன், எழுதுனது எழுதுனபடி இருக்கு. கழுவி ஊத்த மனசு வரல தங்கச்சி. கண்ணு முன்னாடி வச்சிருக்கவும் முடியல. அவ குடிக்க வேண்டியதுதான அது."

அந்தச் சமயத்தில்தான் காப்பாட்சியர் பழைய ஜாடிகளைத் தேடிக் கடலோர ஊர்களில் அலைந்துகொண்டிருந்தாராம். லாத்தா வீட்டுக்கும் வந்தார். ஜாடி இல்லை, இந்தத் தட்டு இருந்தது. லாத்தா ஒரே ஒரு நிபந்தனை சொல்லிக் கொடுத்தார். "எந்தக் காலத்துலயும் இதக் கழுவக் கூடாது." அவரும் வாக்குக் கொடுத்தார். "ஒரு சொட்டுத் தண்ணி படாமப் பாத்துக்கிறேம்மா."

பேத்தி வளர்ந்ததை நான் லாத்தாவின் வாய் வழியாகவே பார்த்தேன். பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனது, பெரியவளானது, பிளஸ் டூ பாஸானது, நிக்காஹ் முடிந்தது. ஒவ்வொரு சேதியையும் முதலில் வடக்கு ஜன்னலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் எனக்குச் சொல்வார். எனக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. அவர் வரும் நாள் ஒன்றுதான் அந்தக் கட்டடத்தில் உயிர் இருக்கிற நாள் என்று எனக்குத் தோன்றும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

அப்புறம் ஒரு நாள் டிக்கெட் வாங்காமல் வந்து நின்றார். முகம் சரியில்லை. பேத்திக்கு ஏழாம் மாதம், தாய்க்கு வந்த மாதிரியே இரத்தக் கொதிப்பு, கால் வீக்கம். டாக்டர் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பீங்கானக் கேக்கத்தான் வந்தேன். தட்டு வேணாம். தண்ணி ஊத்தி அந்த எழுத்த மட்டும் கரைச்சுக் குடுத்தாப் போதும். தட்ட இங்கிட்டே வச்சுக்கங்க."

வேறு பீங்கானில் எழுதி வாங்கலாமே என்று கேட்டேன். அந்த ஹஜ்ரத் மவுத்தாகிவிட்டார், இப்போது ஓதிக்கொடுக்கிற சின்னப் பிள்ளைகள் இதெல்லாம் கூடாது என்கிறார்கள் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் குடுத்த மாத்திரையும் முழுங்கத்தான் செய்றா. நான் ஒண்ணும் வெவரம் கெட்டவ இல்ல. ஆனா அது ரெண்டு உசுருக்காக எழுதுனது தங்கச்சி. ஒரு உசுரு போயிருச்சு. வயித்துக்குள்ள இருந்த இன்னொரு உசுரு இவதான. இவளுக்கு வர வேண்டியது அங்கிட்டுக் கண்ணாடிக்குள்ள கெடக்கு."

நான் அவரைக் காப்பாட்சியரிடம் கூட்டிப்போனேன். லாத்தா சொன்ன முழுவதையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அந்தப் பாழாய்ப்போன வாக்கியத்தைச் சொன்னார். "நம்ம வேலை காக்குறதும்மா. குடுக்குறது இல்ல." விதி இருக்கிறது, அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்க வேண்டும், பார்க்கலாம் என்றார். லாத்தா சண்டை போடவில்லை. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு தடவையும் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும், அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், பன்னீர் கலந்தது. காப்பாட்சியர் மீட்டிங் என்பார், தலைவலி என்பார். ஒரு நாள் லாத்தா வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார். வளர்ந்த ஆம்பளை, ஒரு கிழவிக்குப் பயந்து. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பேத்திக்கு நாள் நெருங்கியது. அன்று லாத்தா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த நடையைப் பார்த்தேன். இனிமேல் ஒரு தடவை வர இவருக்குத் தெம்பு இருக்காது என்று தெரிந்தது. நேரே காப்பாட்சியர் அறைக்குப் போனேன்.

"சார், அந்தத் தட்டு இல்லாட்டி இந்த மியூசியம் இடிஞ்சு விழுந்துருமா? கூரை தன்னாலேயே விழுகத்தான் போகுது. அதுக்கு முன்னாடி ஒரு நல்ல காரியம் பண்ணுங்க. பெத்தவ வயிறு எரிஞ்சா நமக்கு ஆகாது."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மோர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தார். "அந்தம்மாவ ஜன்னல்கிட்ட வரச் சொல்லுங்க" என்றார். அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தட்டை எடுத்து, வெள்ளைத் துணி விரித்த பெஞ்சில் வைத்தார். லாத்தா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு பிஸ்மில்லாஹ் சொன்னார். அத்தனை வருடமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்ததை மறுபடி பக்கத்தில் பார்க்கிறார். பாட்டிலைத் திறந்து, சுற்றிவர மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார். பன்னீர் வாசம் கூடம் முழுக்கப் பரவியது. எழுத்து தண்ணீருக்கு அடியில் பளிச்சென்று தெரிந்தது. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தட்டை லேசாகச் சாய்த்து ஆட்டினார். தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. விரலால் தேய்த்தார். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாகக் கிடந்தது.

"கரையாதும்மா" என்றார் காப்பாட்சியர்.

தட்டு இங்கே வந்த முதல் மழைக்காலத்தில் கூடமெல்லாம் ஓதம் ஏறி, எழுத்தின் ஓரம் கசிய ஆரம்பித்ததாம். அவர் பதறிப்போய்ச் சென்னைக்கு ஓடி, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு மருந்து வாங்கி வந்து, மெல்லிய தூரிகையால் தன் கையாலேயே எழுத்தின் மேல் பூசினார். ஒரு தடவைக்கு மூன்று தடவையாக. தண்ணீர் பட்டாலும் போகாது, காற்று பட்டாலும் போகாது. "நீங்கதானம்மா கழுவக் கூடாதுன்னு சொன்னீங்க. நானும் வாக்குக் குடுத்தேன்." "இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. விதியச் சொன்னாக் கோவிச்சுக்கிட்டுப் போயிருவீங்கன்னு பாத்தேன். நீங்க போகல."

அவர் அழுதார். சத்தமில்லாமல், கர்ச்சீப்பை எடுக்கக்கூட மறந்து அழுதார். அவரைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்ததா என்றால் வந்தது. கோபம் போனதா என்றால் இன்றைக்கு வரைக்கும் முழுசாகப் போகவில்லை. கேட்டு வந்த முதல் நாளே நேராகச் சொல்லியிருந்தால் அந்த மனுஷி அத்தனை நடை நடந்திருக்க வேண்டாம்.

லாத்தா அழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு வருசமா இது இங்கிட்டு எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு காப்பாட்சியரை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க சார். ஒங்க மேல குத்தமில்ல." குத்திக்காட்டிச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். மனதாரத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. தட்டைச் சாய்த்து, ஒரு சொட்டு சிந்தாமல், தண்ணீரைத் திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றி மூடினார்.

"குடிச்சிறாதீங்கம்மா, மருந்து பட்ட தண்ணி" என்றார் காப்பாட்சியர்.

"இல்லங்க. கீழ ஊத்த மனசு வரல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். பஸ் வந்தது, ஏறிப்போனார்.

அவர் மறுபடி வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். பேத்திக்குப் புதுக்கோட்டையில் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லாயிருக்கிறார்கள். டாக்டரம்மா தங்கமானவர். எல்லாம் சொன்னார். கடைசியாக நான்தான் மெதுவாகக் கேட்டேன், அந்தத் தண்ணீரை என்ன செய்தீர்கள் லாத்தா என்று.

"பேத்தி மாப்பிள்ளைகிட்டக் குடுத்து எம் மகள அடக்குன கபர்ல ஊத்தச் சொன்னேன். எங்கள்ல பொம்பளைக அங்கிட்டுப் போறதில்ல. வாசல்ல நின்னேன்."

எழுத்துதான் அதில் கரையவில்லையே என்று வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். அவருக்கே அது புரிந்துவிட்டது.

"தொட்டுச்சுல்ல தங்கச்சி. அது போதும். அவளுக்குத்தான எழுதுனது."

எழுந்து துப்பட்டியை உதறிப் போட்டுக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போங்க என்றேன். கூடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வேணாம், வாரேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிவிட்டார். அதன்பிறகு அவர் வரவில்லை. இருக்கிறாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

காப்பாட்சியர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு, காப்பது குடுப்பது என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. புதிதாக வந்திருப்பவர் நல்ல பிள்ளை, எந்நேரமும் கம்ப்யூட்டரோடு இருக்கிறார். கூரை இன்னும் ஒழுகுகிறது. போன மழையில் துருக்கித் தட்டு இரண்டில் மெருகு உதிர்ந்துவிட்டது, ஈரான் ஓட்டில் நீலம் வெளுத்துக்கொண்டு வருகிறது. இந்தக் கட்டடத்தில் வந்த அன்று இருந்தபடியே இருக்கிற ஒரே பொருள் வடக்கு ஜன்னலோரத்துத் தட்டுதான். படமெடுக்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று என்னமாய்க் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று மெச்சுகிறார்கள். தினமும் காலையில் அதன் கண்ணாடியைத் துடைக்கிறேன். முட்டி வலி. குனிந்தால் நிமிர நேரமாகிறது.

நேற்று குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வேனில் பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் நூறுநாள் வேலைக்குப் போகிறவர்கள், கோயில் குளமெல்லாம் பார்த்துவிட்டு வழியில் இங்கே இறங்கியவர்கள். அதில் ஒருத்தி, என் வயது இருக்கும், அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏந்தாயி, இம்புட்டையும் பளபளன்னு வச்சிருக்கீங்க. இந்த ஒரு தட்டக் கழுவக் கூடாதா?"

முன்பெல்லாம் இதற்கு நீளமாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். குங்குமப்பூ, பன்னீர், வழக்கம் என்று. இப்போது அதையெல்லாம் சொல்ல முடிவதில்லை.

"கழுவிப் பாத்தாச்சும்மா" என்றேன். "போகல."